நான் ஆடாத சடுகுடு

பதினைந்து வயது வரைக்கும் நான் ஒரு மரத்தில்கூட ஏறியதில்லை. போடியில் பிறந்தவன், அதுவும் இலவ மரங்களுக்கு நடுவே வளர்ந்தவன், இதைச் சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். ஏறத் தெரியாமல் இல்லை. ஏறவிடவில்லை. கை பிசகிவிட்டால் டென்னிஸ் போய்விடும் என்று அப்பாவுக்குப் பயம்.

அப்பா ஏலக்காய் வியாபாரி. காய் வாங்கப் போடிமெட்டு ஏறி அதற்கு அப்பாலும் ஜீப்பில் போய் வருவார். அங்கே ஒரு எஸ்டேட் கிளப்பில் டென்னிஸ் மைதானம் இருந்தது. வெள்ளை டிரவுசரும் வெள்ளை பனியனும் போட்டுக்கொண்டு முதலாளிமார் ஆடுவதைக் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பல தடவை பார்த்திருக்கிறார். உள்ளே வா என்று யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. அவர் பிள்ளை அந்த வேலிக்குள் நின்று ஆட வேண்டும் என்று ஒருநாள் முடிவு பண்ணிவிட்டார். முடிவு அவருடையது, முதுகு வலி என்னுடையது.

எனக்கு ஆறு வயது முடியுமுன் எங்கள் ஏலக்காய் ஸ்டோருக்குப் பின்னால் காப்பிக்கொட்டையும் மிளகும் காயப்போடும் சிமெண்டுக் களத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டார். இரண்டு இரும்புக் கம்பி ஊன்றி நடுவில் வலை கட்டினார். மதுரையிலிருந்து மட்டை வந்தது. மற்றதெல்லாம் நின்றது. கிட்டிப்புள் கூடாது, கண்ணில் பட்டுவிடும். சடுகுடு கூடாது, முட்டி தேய்ந்துவிடும். கிணற்றில் குதிப்பது கூடாது, சளி பிடிக்கும். பூப்பந்து கூடவே கூடாது, ஏனென்றால் மணிக்கட்டு கெட்டுவிடும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

"ஆத்துல ஒரு காலு சேத்துல ஒரு காலுன்னு நின்னா ஒண்ணுத்துக்கும் ஆக மாட்ட அப்பு. ஒரே சோலி. அத மட்டும் பாரு" என்பார்.

வியாபாரத்திலும் அவருக்கு அதே புத்திதான். சல்லடையில் காயைப் போட்டு ஆட்டினால் பெருங்காய் மேலே நிற்கும், பொடிக்காய் கீழே விழும். கலந்த காய்க்கு மதிப்பில்லை. பிள்ளையையும் அப்படிச் சலித்து எடுத்துவிடலாம் என்று நினைத்தார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. குறை சொல்லுகிற யோக்கியதை எனக்குக் கிடையாது. அது ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என்னைவிட இரண்டரை வயது இளையவள் என் தங்கை. அவளை யாரும் சலிக்கவில்லை. பெண்பிள்ளைதானே என்று விட்டுவிட்டார்கள். அதனால் அவள் ஆடாத ஆட்டம் கிடையாது. ஸ்டோரில் காய் பொறுக்க வரும் பெண்களின் பிள்ளைகளோடு தெருவில் கிட்டிப்புள். பள்ளிக்கூடத்தில் பூப்பந்து, ஐந்து பேர் அணியில் முன்வரிசையில் நிற்பாள். லீவு விட்டால் பக்கத்து ஊரான சிலமலையில் சித்தி வீட்டுக்கு ஓடிவிடுவாள். அங்கே சித்தி மகன்கள் நான்கு பேர். அறுவடை முடிந்த வயலில் அவர்களோடு பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சடுகுடு ஆடுவாள். தோட்டத்துக் கிணற்றில் மேல்படியிலிருந்து தலைகீழாகக் குதிப்பாள். மழை பெய்தால் வீட்டுக்குள் சொட்டாங்கல். ஆறாவது கல்லை மேலே போட்டுவிட்டு, கீழே கிடக்கும் ஐந்தையும் அள்ளி, அது விழுமுன் பிடிப்பாள். எதிலும் அவளுக்குப் பரிசு, கோப்பை என்று பெரிதாக ஒன்றுமில்லை. சாயங்காலம் முட்டியில் சிராய்ப்போடு வந்து தட்டில் சோற்றை அள்ளி அள்ளிச் சாப்பிடுவாள். எனக்கு அதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும்.

எனக்குப் பன்னிரண்டு வயதானபோது ஒரு சிக்கல் வந்தது. சுவரில் அடித்துப் பழகியது போதும், எதிரே ஆள் வேண்டும். முதலில் ஸ்டோர் கணக்குப்பிள்ளையை நிறுத்திப் பார்த்தார்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் மட்டையைப் பிடித்து வீசினார். பந்து பக்கத்து இலவம்பஞ்சு மில்லுக்குள் போய் விழுந்தது. நான்கு நாளில் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அப்புறம்தான் தங்கையைக் கூப்பிட்டார்கள்.

"நீ ஒண்ணும் செய்ய வேணாம் ஆத்தா. சும்மா பந்தத் திருப்பிப் போடு. அண்ணனுக்குக் கை ஓடணும்" என்றார் அப்பா.

அவள் என் பழைய மட்டையை வாங்கிக்கொண்டு வலைக்கு அந்தப் பக்கம் போனாள். முதல் ஆறு மாதம் பந்தைத் தரையில் படவே விடமாட்டாள். பூப்பந்தில் கீழே விழுந்தால் தப்பு அல்லவா, அதனால் ஓடிவந்து அந்தரத்திலேயே தட்டிவிடுவாள். "கீழ விழுந்து எந்திரிக்கட்டும்டி, அப்புறம் அடி" என்று நான் கத்துவேன். "அதுவரைக்கும் என்னத்துக்குக் காத்துக் கெடக்கணும்?" என்று கேட்பாள். எனக்கு அது கேலியாகப் பட்டது. அது உண்மையான கேள்வி என்று புரியப் பல வருடம் ஆயிற்று.

அவள் பதின்மூன்றை நெருங்கியபோது நிலைமை மாறிப்போனது. நான் பின்கோட்டில் நின்றுகொண்டு பழகின அடியைப் பழகின மாதிரி அடிப்பேன். அழகாக அடிப்பேன், அதில் பொய்யில்லை. ஆனால் சிமெண்டுக் களத்தில் விரிசல்கள் உண்டு. பந்து விரிசலில் பட்டுக் கோணலாகத் திரும்பினால் நான் நின்றுவிடுவேன். அப்பாவிடம் போய் விரிசலைப் பூசச் சொல்லுவேன். அவளுக்குக் கோணல் பந்து வந்தால்தான் சிரிப்பே வரும். கிட்டிப்புள் எந்தப் பக்கம் துள்ளும் என்று யாருக்குத் தெரியும்? அதை அடித்துப் பழகிய கண் அவளுக்கு. இடது பக்கம் சாய்ந்து வலது பக்கம் போவாள். நான் ஏமாந்து நிற்பேன். அது சடுகுடுவில் கற்றது. இதையெல்லாம் இன்றைக்குத்தான் பிரித்துச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: இவள் என்னைத் தோற்கடிக்கப் போகிறாள்.

அந்த வருடம் மதுரையில் சிறுவர், சிறுமியர் அணிகளுக்கு ஆள் எடுப்பதாக இருந்தது. நான் தேறுவேனா என்று பார்த்துச் சொல்ல அங்கிருந்து ஒரு பயிற்சியாளரை அப்பா ஒருநாள் வரவழைத்தார். வந்தவர் களத்தைப் பார்த்தார், வலையைத் தொட்டுப் பார்த்தார், பிறகு எங்கள் இருவரையும் ஒரு செட் ஆடச் சொன்னார். ஆறுக்கு இரண்டு. ஆறு அவளுடையது.

செட் முடிந்ததும் அவர் தங்கையைக் கூப்பிட்டு, "வேற என்னம்மா ஆடுவ?" என்று கேட்டார். அவள் மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். சிலமலைக் கிணறு வரைக்கும் சொன்னாள். அப்பா சங்கடத்தோடு துண்டை உதறினார். பயிற்சியாளர் என் பக்கம் திரும்பி, "நீ தம்பி?" என்றார்.

"டென்னிஸ் மட்டும்தான் சார்" என்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

அவர் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். போகும்போது அப்பாவிடம், "பாப்பாவ அவசியம் கூட்டிட்டு வாங்க. தம்பியும் வரட்டும்" என்றார். அந்த 'உம்' என் காதில் ஈட்டி மாதிரி இறங்கியது. அப்பா வருத்தப்பட்டார். ஆனாலும் வியாபாரி அல்லவா? காய் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தாலும் நல்ல காய் நல்ல காய்தான். அன்று சாயங்காலமே அம்மாவிடம், "ரெண்டு பேரும் போகட்டும். அவளுக்கும் ஒரு வெள்ள கவுனு தைக்கச் சொல்லு" என்றார். தங்கை அன்று வீட்டுக்குள் நடக்கவே இல்லை, குதித்துக்கொண்டே இருந்தாள்.

மதுரைக்கு இரண்டு வாரம்கூட இல்லாத ஒருநாள் மதியம் பக்கத்து மில்லின் இலவம்பஞ்சு மூட்டைகளுக்குப் பின்னால் என்னை இழுத்துக்கொண்டு போனாள். அழுதிருந்தாள்.

"அண்ணே, யார்ட்டயும் சொல்லிறாத. நான் பெரிய மனுசி ஆயிட்டேன்."

 பதினைந்து வயதுப் பயலிடம் சொல்லுகிற விஷயமா அது? ஆனால் அவளுக்கு வேறு ஆளில்லை. அம்மாவிடம் சொன்னால் அத்தைக்குத் தெரியும். அத்தை அப்பாவின் அக்கா, எங்கள் வீட்டோடு இருந்தவர், சாஸ்திரம் சம்பிரதாயத்தில் மயிரிழை பிசகமாட்டார். தெரிந்தால் கொல்லையில் ஓலைக் குச்சு கட்டிப் பதினாறு நாள் தனியாக உட்காரவைப்பார்கள். தாய்மாமனுக்குச் சொல்லி அனுப்புவார்கள். மதுரை அந்தப் பதினாறு நாளுக்குள் வந்துவிடும். அதற்கப்புறம் தாவணி. தாவணி போட்டவளைக் களத்தில் யார் ஆடவிடுவார்கள்?

"மதுரைக்குப் போயிட்டு வந்து நானே அம்மாட்ட சொல்லிருவேன். அதுவரைக்கும் மட்டும். ஒரு மூணு நாளைக்குக் கை வலிக்குதுன்னு சொல்லுண்ணே. ஆட வேணாம்" என்றாள்.

சரி என்றேன். மணிக்கட்டில் எண்ணெய் போட்டுத் துணி சுற்றிக்கொண்டு திரிந்தேன். அப்பா ஒன்றுக்கு இரண்டு தடவை வந்து கையைப் பார்த்துவிட்டுப் போனார். அந்த நாட்களில் நான் நல்ல அண்ணனாக இருந்தேன். இதைச் சொல்லிக்கொள்வதில் ஒரு அற்ப ஆசை. ஏனென்றால் என் நல்லதனம் அத்தோடு முடிந்துபோயிற்று.

நான்காம் நாள் காலையில் அந்தப் பருவத்தின் முதல் லோடு மலையிலிருந்து இறங்கியது. எங்கள் ஸ்டோரில் முதல் லோடுக்குப் பூஜை உண்டு. மூட்டைகளை வரிசையாக நிறுத்தி, மஞ்சள் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் வீட்டுப் பெண்பிள்ளை விளக்கேற்ற வேண்டும். வருடா வருடம் என் தங்கைதான் ஏற்றுவாள். அந்த நிலையில் பூஜையிடத்துக்குள் போகக்கூடாது என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். தீப்பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இந்த வருசம் நான் ஏத்துறேன்" என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம்.  அவள் திரும்பிப்போய் விளக்கை ஏற்றினாள். இரண்டு குச்சி வீணாயிற்று.

சாயங்காலம் மறுபடியும் ஆடினோம். காய் பொறுக்கும் பெண்கள் வேலை முடிந்து, களத்தோரம் நின்று பார்த்தார்கள். அப்பாவும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவளுக்கு உடம்பு சரியில்லை, முகம் வெளுத்திருந்தது. அப்படியும் என்னை ஓடவிட்டாள். கடைசிப் பந்தில் நான் பின்கோட்டில் நிற்பதைப் பார்த்துவிட்டு, ஓங்கி அடிப்பதுபோல் கையை வீசி, வலைக்குப் பக்கத்தில் சும்மா தொட்டுப் போட்டாள். நான் ஓடிவந்து, குப்புற விழுந்து மண்ணைக் கவ்வினேன்.

"ஆத்தாடி, பாப்பா போடு போடுன்னுல்ல போடுது! தம்பிக்கு மூச்சு வாங்குது பாரு" என்று ஒரு பெண் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அப்பா சிரித்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பெருமைச் சிரிப்பு, அதுவும் அவளைப் பார்த்து.

கை கால் கழுவிவிட்டு நேரே அத்தையிடம் போனேன். அத்தை முற்றத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

நான் என்ன சொன்னேன் என்பதை அப்படியே எழுதிவிடுகிறேன். "அத்தே, எனக்கு மனசு கேக்கல. தங்கச்சி தீட்டோட விளக்கேத்திருச்சு. சாமிக்கு ஆகாதுல்ல?"

அதுதான் என் சாமர்த்தியம். அவளைக் காட்டிக்கொடுத்ததாக யாரும் சொல்லமுடியாது, சாமிக்காகச் சொன்னேன். எனக்குச் சாமிமேல் அப்படி ஒன்றும் பக்தி கிடையாது. மதுரைமேல்தான் பக்தி. தங்கை வராத மதுரைமேல்.

அத்தை கீரையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். அப்புறம் நடந்ததை நான் தடுக்க நினைத்திருந்தாலும் முடிந்திருக்காது. தங்கையை முற்றத்தில் நிறுத்திக் கேட்டார்கள். ஸ்டோர் முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். மூட்டைகளை நகர்த்திக் கழுவிவிட்டு, மறுபடி பூஜை போட்டார்கள். எதற்கு மறுபடி பூஜை என்று ஜீப் டிரைவரிலிருந்து கணக்குப்பிள்ளை வரைக்கும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அந்த வயதுப் பிள்ளைக்கு அதைவிட அவமானம் என்ன வேண்டும்? அவளைக் கொல்லைப்பக்கம் தென்னங்கீற்றுக் குச்சில் உட்காரவைத்தார்கள். தைத்து வந்த வெள்ளைக் கவுனை அம்மா பெட்டிக்கு அடியில் வைத்தார்.

மதுரைக்குக் கிளம்புகிற அன்று காலையில் கொல்லைப்பக்கம் போனேன். குச்சுக்குள்ளிருந்து, "அண்ணே" என்று கூப்பிட்டாள்.

"நீதான் சொன்னியாமே. அத்த சொன்னாக."

"சாமி காரியம்ல..." என்று இழுத்தேன்.

"ம்" என்றாள்.  நான் நகரப் பார்த்தேன். அப்போது சொன்னாள்: "பின்னாலயே நின்னுக்கிட்டு இருக்காதண்ணே. நெட்டுகிட்ட ஏறிப் போ. பந்து கீழ விழுகுற வரைக்கும் நிக்காத."

திட்டியிருந்தால் எனக்குத் தேவலை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்சுக்குப் போய்விட்டேன்.

மதுரையில் முதல் ஆட்டத்தில் ஜெயித்தேன், இரண்டாவதில் தோற்றேன். என்னைத் தோற்கடித்தவனுக்கு என் அளவுக்கு அழகாக அடிக்கத் தெரியாது. அவன் வாலிபாலிலிருந்து டென்னிசுக்கு வந்தவன் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். துள்ளித் துள்ளி வலைக்கு ஏறினான். நெட்டுகிட்ட ஏறிப் போ என்று அவள் சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது, ஆனால் என் கால் பின்கோட்டை விட்டு நகரவில்லை. அதற்குப் பழக்கமில்லை.

அடுத்த வருடம் தங்கையைக் கூட்டிப்போகலாம் என்று அப்பா வாய்க்குள் ஒரு தடவை சொன்னார். ஆனால் அடுத்த வருடம் வேறு மாதிரி வந்தது. மழை பொய்த்து, மலையில் ஏலச்செடிகள் நின்ற இடத்திலேயே கருகின. போடிமெட்டிலிருந்து இறங்கும் ஜீப்புகள் பாதி காலியாக வந்தன. ஊரில் எல்லாருக்கும் அதே கதிதான். மலை முழுக்கக் காய்ந்தது. ஆனால் எங்கள் வீட்டில் மட்டும் அதற்கு ஒரு காரணம் இருந்தது. தீட்டோடு ஏற்றின விளக்கு. முதலில் அத்தை சொன்னார், அப்புறம் அம்மாவும் சொன்னார், பிறகு யாரும் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. என் தங்கை வீட்டுக்குள் சுவரை ஒட்டி நடக்கப் பழகினாள். மழை பெய்யாததற்கு அவளா பொறுப்பு என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால், அந்தக் கதையை ஆரம்பித்துவைத்தவன் நான்தான் என்பதை மறுபடி பேசவேண்டிவரும். பூனை மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டேன்.

அவள் அதற்குப் பிறகு எதுவும் ஆடவில்லை. சொட்டாங்கல்கூட இல்லை. பதினெட்டு முடியுமுன் சிலமலைப் பக்கமே ஒரு விவசாயக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்தார்கள். களத்தில் எனக்கு எதிரே சம்பளத்துக்கு ஒரு ஆளை வைத்தார்கள்.

நான் தொடர்ந்து ஆடினேன். கல்லூரி அணி, அப்புறம் பல்கலைக்கழக அணி. எண்பதுகளின் நடுவில் ஒரு கோடையில் சென்னையில் பெரிய பயிற்சி முகாம் நடந்தது. யாரோ ஒருவனுக்கு அம்மை போட்டதால் கடைசிப் பெயராக என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். தேசிய அளவில் ஆடுகிறவர்கள் அங்கே இருந்தார்கள். முதல் நாள் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, முகாமின் தலைமைப் பயிற்சியாளர் ஒரு கேள்வி கேட்டார்.

"டென்னிஸ் இல்லாம சின்ன வயசுல வேற என்னென்ன விளையாடினீங்க?"

ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். அங்கே இருந்தவர்களிலேயே கெட்டிக்கார ஆட்டக்காரன் பதினான்கு வயது வரைக்கும் ஹாக்கி ஆடினவன். கோயம்புத்தூர்க்காரன் ஒருவன் கால்பந்தும் நீச்சலும் என்றான். ஒருத்தன் கூடைப்பந்து, இன்னொருத்தன் கிரிக்கெட். பயிற்சியாளர் ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டே, "அதான் உன் கால் அப்படி வேலை செய்யுது", "அதான் உனக்குத் தோள் இவ்வளவு லேசா திரும்புது" என்று சொல்லிக்கொண்டு வந்தார். ஒரே ஆட்டத்தைக் கட்டிக்கொண்டு வளர்ந்தவன் அந்த வட்டத்தில் நான் ஒருவன்தான் என்று எனக்குப் புரிந்தது. என் முறை வந்தது. டென்னிஸ் மட்டும்தான் சார் என்று இந்தத் தடவை நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல முடியாது.

வாய் கூசாமல் சொன்னேன். "சடுகுடு சார். சிலமலைன்னு எங்க ஊருக்குப் பக்கத்துல, சித்தி பசங்களோட. அப்புறம் கிட்டிப்புள். பூப்பந்துல ஸ்கூல் டீம், முன்வரிசை. கிணத்துல மேல்படியிலேருந்து டைவ் அடிப்பேன். சொட்டாங்கல்கூட ஆடியிருக்கேன் சார்."

வட்டம் முழுக்கச் சிரித்துக் கைதட்டியது. பயிற்சியாளர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். இந்தப் பட்டியல்தான் எல்லாவற்றிலும் சிறந்தது என்றார். கிட்டிப்புள் கண்ணுக்கு, சடுகுடு ஏமாற்றி நகர்வதற்கு, சொட்டாங்கல் கைக்கு என்று மற்றவர்களுக்கு அரைமணி நேரம் விளக்கினார். நான் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. மதுரையை அவளிடமிருந்து எடுத்தது போதாது என்று, சிராய்த்த முட்டியோடு அவள் சோறு தின்ற சாயங்காலங்களையும் எடுத்துக்கொண்டேன். இவ்வளவு பின்னணி இருந்தும் இவன் ஏன் வலைக்கு ஏறமாட்டேன் என்கிறான் என்று முகாம் முடியும் வரைக்கும் அவருக்குப் புரியவே இல்லை.

அந்தக் கோயம்புத்தூர்க்காரன் எனக்கு நண்பனாகிவிட்டான். பொங்கல் கழிந்த சமயம் மலை பார்க்க வேண்டும் என்று போடிக்கு வந்தான். போடிமெட்டுக்கு ஜீப்பில் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தோம். தங்கை பொங்கலுக்கு வந்தவள் இன்னும் திரும்பிப் போகவில்லை. இடுப்பில் ஒரு வயதுப் பையனை வைத்துக்கொண்டு பரிமாற வந்தாள். அவள் இருப்பாள் என்று எனக்குத் தெரியும். அவன் வாயைத் திறக்கக்கூடாதே என்று நான் வேண்டாத சாமி இல்லை.

அவன் திறந்தான். "உங்க அண்ணன் சின்ன வயசுல பெரிய சடுகுடு வீரராமே? சிலமலையில நாலு பேரைத் தனியா சமாளிப்பாராம். முகாமுல அதைத்தான் எல்லாரும் பேசினோம். கிட்டிப்புள், பூப்பந்து, கிணத்துல டைவ் அடிக்கிறதுன்னு ஒண்ணு பாக்கி விடல போல?"

கரண்டி ஒரு நொடி நின்றது. நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"ஆமாங்க" என்றாள் தங்கை. சாம்பாரை ஊற்றினாள். "எங்கண்ணன அடிச்சுக்க ஆளே கெடையாது. சடுகுடுல இந்தப் பக்கம் சாயிற மாதிரி சாஞ்சு அந்தப் பக்கம் போயிருவாக. சித்தி மகனுக நாலு பேரும் அவுகளப் பாத்தாலே பயப்படுவாங்க."

"நீங்களும் கூட ஆடுவீங்களா?"

"நானா?" என்று சிரித்தாள். பையனை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "எனக்கு ஒரு வெளாட்டும் தெரியாதுங்க. நான் வீட்டுக்குள்ளயே கெடந்தவ."

"அடடா. அண்ணன்கிட்ட கத்துக்கிட்டிருக்கலாமே."

"அவுகளுக்கு ஏது நேரம்?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். அவள் குரலில் குத்தல் இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். இல்லை. குச்சுக்குள்ளிருந்து, நெட்டுகிட்ட ஏறிப் போ என்று சொன்ன அதே குரல். "என்னண்ணே, நான் சொல்றது சரிதான?"

நண்பன் என்னைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். பந்து கீழே விழுகிற வரைக்கும் நிற்கிறவன்தானே நான்? அன்றைக்கும் நின்றேன்.

"ஆமா" என்றேன். "அவளுக்கு ஒண்ணும் தெரியாது."